கயாக்கில் இரை இழுத்து ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எடிசன், ஈசலின் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் தூண்டில் பழக்கம் உள்ளவர்கள் குளிர் விட்டதும் விசாரிப்பது ராரிட்டன் விரிகுடாவைப் பற்றித்தான். காரில் அரை மணி நேரம் போனால் கரை. ஏப்ரல், மே மாதங்களில் உடம்பில் கறுப்புக் கோடுகள் ஓடும் பெரிய ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன்கள் அங்கே கூட்டமாக உலவும். ஆனால் கடையில் வரிசையாகத் தொங்கும் இரைகளில் பாதிக்கு மேல் மோட்டார் படகுக்காகச் செய்தவை. கயாக்கில் (உட்கார்ந்து ஓட்டும் குறுகலான சிறு படகு) போகிறவருக்கு எது உதவும், எது வீண் சுமை என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கயாக்கின் பலமே மெதுவாக, சத்தமில்லாமல் போவதுதான். அந்த வேகத்தில் எந்த இரை நன்றாக அசைகிறதோ அதைக் கட்டுங்கள். மற்றது எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

ட்ராலிங் என்றால் என்ன?

படகு போய்க்கொண்டிருக்கும்போதே பின்னால் நீளமாக நரம்பை விட்டு, அதன் முனையில் உள்ள இரையை இழுத்துக்கொண்டு போவது. நம் ஊர் இழுவைப் படகின் வலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே ஒரு நரம்பு, ஒரு இரை, அவ்வளவுதான்.

துடுப்புப் போடும் கயாக் போதுமா, மிதிக்கும் கயாக்தான் வேண்டுமா?

இரண்டிலும் முடியும். மிதிக்கும் கயாக்கில் கை சும்மா இருக்கும், வேகமும் ஒரே சீராக இருக்கும். துடுப்பில் ஒவ்வொரு போடுக்கும் படகு கொஞ்சம் முந்தும், கொஞ்சம் தயங்கும். அது குறை என்று நினைக்க வேண்டாம். அந்த ஏற்ற இறக்கத்தில் இரை ஒரு நொடி தாழ்ந்து மறுபடி எழும்போது மீன் அடிப்பது உண்டு. இருக்கிற கயாக்கில் தொடங்குங்கள்.

ஒரே ஒரு இரை வாங்குவதென்றால் எதை வாங்குவது?

டியூபும் புழுவும். யோசிக்கவே வேண்டாம்.

ஒன்றரை முதல் இரண்டடி நீளமுள்ள ரப்பர் குழாய் அது. ஆஸ்பத்திரியில் பயன்படும் லேடெக்ஸ் குழாயின் வகைதான். முன்னால் ஒரு சுவிவல் (சுழலும் இணைப்பு), உள்ளே ஓடும் கம்பி, வால் பக்கம் ஒரு பெரிய முள். குழாய் நேராக இருக்காது, லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவுதான் உயிர்நாடி. மெதுவாக இழுத்தால் குழாய் திருகு போலச் சுழன்றுகொண்டே வரும். விலாங்கு, பெரிய கடற்புழு இவை நீந்துவதைப் போல மீனுக்குத் தெரியும். வால் முள்ளில் சாண்ட்வோர்ம் என்ற கடற்புழு ஒன்றைக் குத்த வேண்டும். தலை பக்கமாக முள்ளை ஏற்றி, இரண்டு மூன்று அங்குலம் பின்னால் தொங்க விடுங்கள். குழாய் கண்ணை இழுக்கும், புழுவின் வாசம் வாயைத் திறக்க வைக்கும். புழு இல்லாத டியூபை மீன் பின்தொடர்ந்து வந்துவிட்டுத் திரும்பிப் போவதே அதிகம். அதனால் புழுவில் சிக்கனம் பார்க்காதீர்கள். பாதி அறுந்து போனால் உடனே மாற்றுங்கள்.

நிறம்? கருஞ்சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று இருந்தால் போதும். கலங்கிய தண்ணீருக்கும் விடியற்காலைக்கும் கறுப்பு. மற்ற நேரமெல்லாம் சிவப்பு.

புதுக் குழாயை வாங்கியதும் கரையோரத்தில், கண் முன்னால், படகின் பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். சோம்பலாகச் சுழல வேண்டும். நேராகவே வந்தால் கையால் இன்னும் வளைத்துவிடுங்கள். பம்பரமாகச் சுற்றினால் வளைவைக் குறையுங்கள். சுழலும் இரை என்பதால் நரம்பு முறுக்கிக்கொள்ளும். எனவே குழாய்க்கு முன்னால் மூன்று, நான்கு அடி லீடர் (இரையோடு சேர்த்துக் கட்டும் தடித்த நரம்புத் துண்டு), லீடருக்கு முன்னால் நல்ல பால்பேரிங் சுவிவல். அதில் மட்டும் மலிவு சரக்கு வாங்காதீர்கள்.

எவ்வளவு வேகத்தில் போக வேண்டும்?

டியூபுக்கு மணிக்கு ஒன்றரை முதல் இரண்டரை மைல். உதடு வைத்த பிளக்குக்கு (மீன் வடிவக் கெட்டி இரை, முகத்தில் நீட்டியிருக்கும் தகடுதான் உதடு) இரண்டரை முதல் மூன்றரை. சாதாரண மனிதர் கயாக்கில் மணிக்கணக்காகத் தாங்கக்கூடிய வேகமும் இதுதான். மோட்டார் படகுக்காரர்கள் இவ்வளவு மெதுவாகப் போக எஞ்சினோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உங்களுக்கு அது இயல்பாகவே வருகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். இரைக்குத் தெரிவது தண்ணீரைப் பொறுத்த வேகம். நீரோட்டம் மணிக்கு ஒரு மைல் எதிரே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 1.5 என்று காட்டினால் இரை உண்மையில் 2.5-ல் ஓடுகிறது. அப்படியே திரும்பி நீரோட்டத்தோடு போகும்போதும் திரையில் அதே 1.5-ஐப் பிடித்து வைத்தால் இரையின் வேகம் அரை மைல்தான். டியூப் சுழலாமல் அடியில் போய்ப் படுத்துவிடும். "ஒரு பக்கம் போகும்போது மட்டும் மீன் அடிக்கிறது, திரும்பி வரும்போது ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதனால் திரையை விட ராடின், அதாவது தூண்டில் கம்பின், நுனியைப் பாருங்கள். ராட் ஹோல்டரை முதுகுக்குப் பின்னால் வைக்காமல், முழங்காலுக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில் பொருத்துங்கள். டியூப் சரியாக ஓடினால் நுனி மெல்ல, நிதானமாகத் தலையாட்டும். பிளக் என்றால் வேகமாகத் துடிக்கும். துடிப்பு நின்றுபோய் நுனி லேசாக வளைந்தே இருந்தால் முள்ளில் பாசி சிக்கியிருக்கிறது. உடனே எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். பாசியோடு அரை மணி நேரம் இழுப்பது அரை மணி நேரம் வீணாவது.

நேர்கோட்டிலும் போகாதீர்கள். வளைந்து வளைந்து போங்கள். இடப்பக்கம் திரும்பும்போது இடப்பக்க இரை வேகம் குறைந்து தாழும், வலப்பக்க இரை வேகம் பிடித்து எழும். எந்தப் பக்கத்தில் அடி விழுகிறது என்று கவனித்தால் மீனுக்கு அன்று மெதுவாக வேண்டுமா, வேகமாக வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

இரையை ஆழத்தில் கொண்டு போவது எப்படி?

மூன்று வழி. முதலாவது, நரம்புக்கும் லீடருக்கும் நடுவில் இரண்டு முதல் நான்கு அவுன்ஸ் ஈயம். எளிது, மலிவு. ராரிட்டன் விரிகுடாவில் கப்பல் தடங்களை விட்டுவிட்டால் பெரும்பாலான இடம் ஆழம் குறைந்ததுதான். அதற்கு இதுவே போதும்.

இரண்டாவது, லெட்கோர். துணி உறைக்குள் ஈயக் கம்பி ஓடும் நரம்பு இது. 10 கஜத்துக்கு ஒரு தடவை நிறம் மாறும். எத்தனை நிறம் வெளியே போயிருக்கிறது என்று எண்ணினால் ஆழத்தைக் கணக்குப் போடலாம். டியூப் இழுக்கும் மெதுவான வேகத்தில் ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி. வேகம் கூடினால் இந்தக் கணக்குக் குறையும். கயாக்குக்கு மூன்று நான்கு நிறமே தாராளம். முழு நீளமும் சுற்றிய ரீல் கல்லாகக் கனக்கும்.

மூன்றாவது, உதடு நீண்ட பிளக். அது தானாகவே ஆழத்துக்குப் பாயும்.

எந்த வழியானாலும் இரை தரையிலிருந்து சில அடி மேலே ஓட வேண்டும். ஸ்ட்ரைப்ட் பாஸ் தன் தலைக்கு மேலே போவதை ஏறி வந்து அடிக்கும், காலடியில் போவதைத் தேடிக் குனிவது குறைவு. எப்போதாவது ஒரு தடவை இரை தரையைத் தட்டினால் சரியான ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த பிளக் நல்லது?

ரபாலா எக்ஸ்-ராப் மேக்னம் 10 அல்லது 15, மான்ஸ் ஸ்ட்ரெட்ச் 15. பெயரில் உள்ள எண்தான் அது இறங்கும் அடிக்கணக்கு. மீன் மேலேயே மேய்ந்தால் டைவா எஸ்பி மின்னோ போன்ற, ஆழம் போகாத மின்னோ (மெலிந்த மீன் வடிவ பிளக்). 25, 30 என்று எண் போட்டவை அதிகம் இழுக்கும். மிதித்து மிதித்துக் கால் வலிக்கும், இந்த விரிகுடாவில் தரையையும் உழும்.

வாங்கியதும் மும்முனை முட்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கயாக்கில் மீன் உங்கள் மடிக்குப் பக்கத்தில்தான் துள்ளும். ஆறு முனைகள் தொங்கும் இரையை ஆட்டிக்கொண்டு 20 பவுண்டு மீன் துள்ளினால் ஒரு முனை அதன் வாயில், இன்னொன்று உங்கள் கையில். மீனுக்கும் ஒற்றை முள்தான் நல்லது. சீக்கிரம் கழற்றி விடலாம்.

மோஜோ என்று எல்லோரும் சொல்கிறார்களே?

பெரிய ஈயத்தலை, பாவாடை போல விரியும் நூல் அல்லது ரப்பர் இழைகள், பின்னால் ஒன்பது அங்குல ரப்பர் மீன். இதுதான் மோஜோ. வாடகைப் படகுகள் ஒன்றரை, இரண்டு பவுண்டு எடையில் இழுக்கின்றன, நன்றாகவும் பிடிக்கின்றன. அந்த எடை கயாக்குக்கு ஆகாது. நான்கு முதல் ஆறு அவுன்ஸில் சின்ன மோஜோ கிடைக்கிறது. பங்கர் கூட்டம் உள்ளே இருக்கும் நாட்களில் அது அருமையான இரை. பங்கர் என்பது மத்தியின் உறவுக்கார மீன், எண்ணெய் நிறைந்தது. ஸ்ட்ரைப்ட் பாஸ் இங்கே கொழுப்பது அதை நம்பித்தான். வெள்ளை, இல்லாவிட்டால் மஞ்சள் கலந்த பச்சை வாங்குங்கள்.

அம்ப்ரெல்லா ரிக், ஃப்ளாஷர், டாட்ஜர் போன்ற கவர்ச்சிக் கருவிகள் வேண்டுமா?

கடைக்காரரிடம் இதைக் கேட்டால் வேண்டும் என்பார். நான் சொல்வது: கயாக்கில் பெரும்பாலும் வேண்டாம்.

அம்ப்ரெல்லா ரிக் நான்கு கம்பிக் கை விரித்து, ஒவ்வொன்றிலும் ரப்பர் மீனோ குட்டி டியூபோ தொங்கவிட்ட சாதனம். சிறு மீன் கூட்டம் போவது போல் தெரியும். மீன் பிடிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை, தெற்கே செசபீக் விரிகுடாவில் படகுகள் இதை வைத்தே பிழைக்கின்றன. ஆனால் தண்ணீரில் அது கொடுக்கும் இழுவையை எஞ்சின் தாங்கும், உங்கள் கால் தாங்காது. இரண்டு மைல் வேகத்தைப் பிடிக்கவே திணறுவீர்கள், வேகம் குறைந்ததும் எல்லாக் கையும் சுருண்டு விழும். மீன் மாட்டினால் இன்னும் சிக்கல். கம்பிகளும் முட்களும் மடியில், மீன் தண்ணீரில், அலையில் ஆடும் படகு. ஆசை விடவில்லையென்றால் மிகச் சிறியதாகப் பார்த்து வாங்கி, நடுவில் ஓடும் இரையில் மட்டும் முள் வையுங்கள். மற்றவை வெறும் பொம்மையாக ஓடட்டும்.

டாட்ஜரும் ஃப்ளாஷரும் ஏரியில் ஆழத்தில் சால்மன் பிடிப்பவர்களின் சொத்து. தகடு ஆடி ஆடி ஒளியைச் சிதறவிடும். கலங்கிய, ஆழமற்ற விரிகுடாவில் அந்த ஒளி எட்டும் தூரம் கொஞ்சம்தான். இரைக்கு முன்னால் ஒரு தகட்டைக் கட்டினால் டியூபின் சுழற்சியும் கெடும்.

பங்கர் ஸ்பூன் என்று முழங்கை நீளத்துக்கு ஒரு உலோகக் கரண்டி இருக்கிறது. நீண்ட ராட், கம்பி நரம்பு, சீரான எஞ்சின் வேகம் எல்லாம் சேர்ந்தால்தான் அது சரியாக ஆடும். விட்டுவிடுங்கள்.

நான் மனதாரப் பரிந்துரைக்கும் கவர்ச்சி ஒன்றே ஒன்று: டீசர். பிளக்குக்கு இரண்டடி முன்னால், லீடரிலிருந்து கிளை பிரித்து, மூன்று அங்குல வெள்ளை இழை இரையோ மெல்லிய ரப்பர் மீனோ கட்டுவது. எடை இல்லை, இழுவை இல்லை. சின்ன மீனைப் பெரிய மீன் துரத்துவது போலத் தோன்றும். இலையுதிர் காலத்தில் விரல் நீளக் குஞ்சுகளை ஸ்ட்ரைப்ட் பாஸ் மேயும்போது பிளக்கைத் தொடாமல் டீசரையே மீண்டும் மீண்டும் எடுக்கும். டியூபுக்கு முன்னால் மட்டும் கட்டாதீர்கள், சுற்றிக்கொள்ளும்.

எத்தனை ராட்?

தொடக்கத்தில் ஒன்று. பழகியபின் இரண்டு. மூன்றாவது வேண்டவே வேண்டாம். இரண்டு போட்டால் ஒன்றை 80 அடியிலும் மற்றதை 130 அடியிலும் விடுங்கள், திரும்பும்போது சிக்காது. ராட் ஏழடி, நுனி கொஞ்சம் வளைந்து கொடுப்பதாக இருக்கட்டும். 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நரம்பு), 40 பவுண்டு லீடர். ராடையும் கயாக்கையும் ஒரு கயிற்றால் பிணைத்துவிடுங்கள்.

எங்கே, எப்போது?

மார்ச் கடைசியில் மேற்குப் பக்கத்து ஆழமற்ற சேற்றுத் தரைதான் முதலில் சூடாகும். மீனும் அங்கேதான் முதலில் வரும். அப்போது இரை இழுப்பதை விட நிறுத்திப் பிடிப்பவர்களுக்கே யோகம். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, பங்கர் கூட்டம் உள்ளே நுழைந்ததும் நமக்கான நேரம். கீபோர்ட், யூனியன் பீச் கரைகளிலிருந்து இறங்கலாம். ஜூனில் தண்ணீர் சூடேறியதும் பெரிய மீன்கள் கடலுக்கு வெளியேறி வடக்கே போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மறுபடி ஒரு சுற்று.

பங்கர் கூட்டம் தண்ணீர் மேல் சலசலப்பது தெரிந்தால் அதன் நடுவே இழுக்காதீர்கள். முள்ளில் பங்கர்தான் குத்திக்கொண்டு வரும். கூட்டத்தின் ஓரத்தைச் சுற்றி இழுங்கள். பாஸ் நிற்பது ஓரத்திலும் அடியிலும்தான்.

மே மாதத்தில் ரப்பர் மீனின் வால் கத்தியால் வெட்டியது போல் அறுந்து வந்தால் அது கூர்ப்பல் கொண்ட ப்ளூஃபிஷ் மீனின் வேலை. அன்று ரப்பரை உள்ளே வைத்துவிட்டு பிளக்கை எடுங்கள்.

லியோனார்டோவிலிருந்து விரிகுடாவுக்குள் கிட்டத்தட்ட மூன்று மைல் நீளும் கடற்படைப் பாலத்தின் பக்கம் போகவே கூடாது, தடை செய்யப்பட்ட பகுதி. மன்ஹாட்டன் போகும் விரைவுப் படகுகளின் தடத்தையும் விட்டு விலகியே இருங்கள்.

மீன் அடித்ததும் என்ன செய்வது?

டியூபில் முதல் தட்டுக்கு ராடைப் பிடுங்காதீர்கள். மீன் புழுவை நுனியில் கடித்துப் பார்க்கிறது. மிதிப்பதை நிறுத்தவும் வேண்டாம். ஹோல்டரிலேயே ராட் வளைந்து, டிராக் (ரீலில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) கத்தட்டும். அப்புறம் எடுங்கள். இரண்டாவது ராட் இருந்தால் அதை உடனே சுற்றி உள்ளே வையுங்கள்.

பெரிய மீன் கயாக்கையே இழுத்துக்கொண்டு போகும். பயப்பட ஒன்றுமில்லை. ராடை முன்பக்கமாக நீட்டிப் பிடித்தால் படகின் மூக்கு மீனின் பக்கம் திரும்பும், கவிழாது. பக்கவாட்டில் இழுக்க விடுவதுதான் ஆபத்து.

விடப்போகும் மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். தூக்கத்தான் வேண்டுமென்றால் கையை நனைத்துக்கொள்ளுங்கள், வயிற்றுக்கு அடியில் தாங்குங்கள், செவுளுக்குள் விரல் விடாதீர்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் மேல் கிடத்தினால் மீனின் வழவழப்பு உரிந்துவிடும். தாடையைப் பிடித்தபடி மெல்ல முன்னோக்கி மிதித்தால் தண்ணீர் வாய் வழியாகச் செவுளுக்குப் பாயும். வால் வலுவாக அடித்ததும் விட்டுவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அட்லாண்டிக் மாநிலங்களின் கூட்டு மீன்வள ஆணையம் 2023-ல் போட்ட வரம்பின்படி, கடல் பகுதியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மீன், அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள். அதைவிடச் சிறியதும் பெரியதும் தண்ணீருக்கே திரும்ப வேண்டும். கொளுவிக் கம்பியால் குத்தித் தூக்கக் கூடாது. இயற்கை இரைக்கு வட்ட முள் (நுனி உள்நோக்கி வளைந்தது) கட்டாயம் என்ற விதி 2021-ல் வந்தது. செயற்கை இரையோடு சேர்த்து மாட்டும் புழுவுக்கு ஆணையம் விலக்கு அளித்திருப்பதால் டியூபின் சாதாரண முள்ளுக்குத் தடையில்லை. நியூ ஜெர்சியில் 16 வயது நிறைந்தவர்கள் கடல்மீன் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும், இலவசம்தான். ஜனவரி, பிப்ரவரியில் விரிகுடாவில் ஸ்ட்ரைப்ட் பாஸுக்குத் தடை. அளவுகள் மாறக்கூடும் என்பதால் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் மாநிலத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு: 1980-களில் இந்த மீன் கிட்டத்தட்ட அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. மேரிலாந்து 1985 முதல் 1990 வரை முழுத் தடை போட்டது. மீன் மீண்டு வந்தது. இப்போது செசபீக்கில் 2019 முதல் குஞ்சு பொரிப்பு வருடா வருடம் மோசமாக இருக்கிறது. பெரிய பெண்மீன் ஒன்று லட்சக்கணக்கில் முட்டையிடும். அதைக் கொல்லாமல் விடுவது நம் கையில் இருக்கிறது.

இந்தக் கரைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1879-ல் பக்கத்து நேவசிங்க் ஆற்றில் பிடித்த குஞ்சுகளை ரயிலில் ஏற்றிக் கலிபோர்னியா கொண்டு போனார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்த 130 சொச்சம் மீன்களை அங்கே விட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஸ்ட்ரைப்ட் பாஸ் பரம்பரை அப்படித்தான் தொடங்கியது.

ஏப்ரலில் வெயில் நன்றாக அடிக்கிறதே, டி-ஷர்ட் போதாதா?

போதாது. வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரைப் பார்த்து உடுத்துங்கள். 50 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சே கட்டுக்குள் இருக்காது. அடுத்த பத்து நிமிடத்தில் கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது. டிரைசூட் (தண்ணீர் புகாத முழு உடை), அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட், ஜாக்கெட்டில் விசிலும் நீர் புகாத விஎச்எஃப் ரேடியோவும். லைஃப் ஜாக்கெட்டை மடித்து இருக்கைக்குப் பின்னால் வைத்திருப்பது இல்லாததற்குச் சமம். ஸ்டேட்டன் தீவுப் பக்கத்திலிருந்து இறங்கினால் நியூயார்க் சட்டப்படியே நவம்பர் 1 முதல் மே 1 வரை அதை அணிந்திருக்க வேண்டும். புது ஆட்கள் தனியாகப் போகவே வேண்டாம். விழுந்தால் மறுபடி ஏறுவது எப்படி என்று கோடையில், இடுப்பளவு தண்ணீரில் பழகிவிட்டு வாருங்கள்.

சாப்பிடலாமா?

ருசியான மீன். சதை வெள்ளையாக, கெட்டியாக இருப்பதால் குழம்பில் உடையாது, வறுத்தாலும் நன்றாக வரும். ஆனால் இந்த விரிகுடா மீனில் பிசிபி என்ற ரசாயனம் சேர்ந்திருப்பதால், எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநிலம் வரம்பு வைத்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். அந்த நஞ்சு கொழுப்பில்தான் தங்கும். தோலை உரித்து, வயிற்றுப் பக்கக் கொழுப்பையும் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையையும் வெட்டி எறிந்துவிடுங்கள். முழு மீனையும் தலையோடு போட்டுக் குழம்பு வைக்கும் பழக்கத்தை இந்த மீனுக்கு மட்டும் விட்டுவிட வேண்டும். பிடித்தவுடன் செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, ஐஸ் நிரப்பிய பையில் போட்டுவிட்டால் வீடு போய்ச் சேரும்வரை சதை கெட்டியாக இருக்கும். அந்த ஐஸ் பையைக் காலையிலேயே கயாக்கில் கட்டி எடுத்துப் போங்கள்.